எதிர்வீட்டுக் கொலு

போன வாரம் வளசரவாக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு காபிக் கடைக்குப் போயிருந்தேன். குடித்து முடித்ததும் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் குழாயைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். கல்லாவில் இருந்த பெண் ஓடி வந்து, "சார், சார், அங்கயே வச்சிருங்க, நாங்க எடுத்துக்கறோம்" என்றாள். பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாதவன் என்று என் மனைவி ரேவதி என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது பொய்யில்லை. ஆனால் காபிக் கடைக்குள் போனால் மட்டும் என் கை தானாகக் குழாயைத் தேடும். சத்வாவில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

சத்வா துபாயின் பழைய பேட்டைகளில் ஒன்று. வரிசையாகத் தையல்கடைகள், பரோட்டாக் கடைகள், துணி வெளுக்கிற கடைகள். இரண்டாயிரத்து ஏழு வாக்கில் நாங்கள் அங்கே தையல்கடைத் தெருவுக்குப் பின்னால் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் குடியிருந்தோம். எதிரே உயரம் குறைந்த பழைய வில்லா. அதில் கார் நிறுத்துகிற கொட்டகையைத்தான் லூபே காபிக் கடையாக மாற்றியிருந்தார். லூபே மெக்சிகோக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், குள்ளம், குரல் மட்டும் பெரியது. அவருடைய கணவருக்கு எண்ணெய்க் கிணற்றில் வேலை. பாதி நாள் கடலில் இருப்பார். தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்க்கப் பிடிக்காமல் கடை வைத்தேன் என்று லூபே சொல்வார்.

அந்தக் கடையில் பரிமாற ஆள் கிடையாது. அடுப்பு மேல் ஒரு பெரிய மண்பானையில் காபி கொதித்துக்கொண்டிருக்கும். சுவரில் ஆணியடித்துக் கோப்பைகளை மாட்டியிருக்கும். நாமே எடுத்து, நாமே ஊற்றி, குடித்து, கழுவி, திரும்ப மாட்ட வேண்டும். காபியில் பட்டையும் அவர்கள் ஊர் வெல்லமும் போடுவார். நம் கருப்பட்டிக் காபியில் யாரோ கைதவறிப் பிரியாணிப் பட்டையைப் போட்டுவிட்ட மாதிரி இருக்கும். முதல் வாய்க்குப் பிடிக்காது. பிறகு விடவும் முடியாது.

முதல் நாள் நான் போய் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, யாராவது வந்து "என்ன சார் வேணும்?" என்று கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. தொண்டையைச் செருமிப் பார்த்தேன். எதிரே இருந்த கான் பாய்தான் இரக்கப்பட்டு, "பாய், இதர் கோயி நஹீ ஆயேகா, குத் லேலோ" என்றார். இங்கே யாரும் வரமாட்டார்கள், நீயே எடுத்துக்கொள் என்று அர்த்தம். பெஷாவர் பக்கத்துக்காரர், வெல்டர். வேலையில் மிஞ்சிய தகரத்தில் பறவைகள் செய்வார். அவற்றை லூபே சுவர் முழுக்க மாட்டியிருந்தார். முடிவெட்டும் பிலிப்பினோக்காரர் வரைந்த கடல் படங்களும் இருந்தன. பேட்டைக்காரர்கள் செய்ததைத்தான் மாட்டுவேன், கடையில் வாங்கியதை மாட்டமாட்டேன் என்பது லூபேயின் பிடிவாதம். உத்தரத்தில் பூவேலை வெட்டிய வண்ணக் காகிதத் தோரணங்கள் தொங்கும். நம் ஊர்த் திருவிழாத் தோரணம்தான், கொஞ்சம் நகாசு கூடுதல். டேப்பில் கிடார் பாட்டு ஓடும். அவர் மேசையை 'மேசா' என்பார். நான் எங்கள் ஊரிலும் அதே பேர்தான் என்று சொன்னதிலிருந்து என்னைச் சொந்தக்காரன் கணக்கில் வைத்துக்கொண்டார்.

இவ்வளவு லேசாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். அந்த வருஷம் நாங்கள் லேசாக இல்லை. கோடையில், ரேவதிக்கு எட்டாம் மாதத்தில், எங்கள் முதல் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. பெண். ரேவதி மயக்கத்தில் இருந்தாள். பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஆபீஸ் நண்பர் ஒருவரும் நானுமாகப் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். நல்ல வெயில். நண்பர் வழியில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த வாரம் டியூட்டிக்குப் போய்விட்டேன். ஏசி குழாய் எத்தனை மீட்டர், தகரம் எவ்வளவு என்று போட்டுக் கொடுக்கிற வேலை. ஒரு தப்பில்லாமல் போட்டேன். மேனேஜர் பாராட்டினார்.

பல் முளைக்காத குழந்தைக்கு நம்மில் காரியம் கிடையாது. திதி கிடையாது. மாட்டி வைக்கப் படம்கூடக் கிடையாது. மாமியார் கும்பகோணத்திலிருந்து போனில், "பேர் வைக்காத பிள்ளைடி. கணக்குல சேராது. மறந்துடு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ரேவதி சரி என்று சொல்லிப் போனை வைத்தாள். அதோடு எங்களுக்குள் பேச்சும் நின்றுபோனது. "கேஸ் தீந்துடுச்சு", "சாப்பாடு மூடி வச்சிருக்கேன்", அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஒரே அறையில் இரண்டு பேரும் அவரவர் பாட்டுக்கு இருந்தோம்.

அவளுடைய அண்ணன் ஒருநாள் கூப்பிட்டார். "மாப்ள, அவளை இங்க அனுப்பி வச்சிருங்க. நாலு சுவத்துக்குள்ள கெடந்து அங்க என்ன பண்ணப் போறா?" நவம்பர் முதல் வாரத்தில் டிக்கெட் போட்டேன். போவதற்கு மட்டும். திரும்புவது எப்போது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரேவதியும் கேட்கவில்லை. போனால் வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னத்தைக் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருந்தேன்.

அந்த நாட்களில் டியூட்டி முடிந்தால் நேரே வீட்டுக்குப் போகமாட்டேன். லூபேயின் கடையில் உட்கார்ந்துவிடுவேன். அங்கே யாரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்கமாட்டார்கள் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது. கோப்பையைக் கழுவி மாட்டுகிற வரைக்கும் செய்ய ஒரு வேலை இருக்கும்.

அக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நான் தூங்கி எழுந்து வந்தபோது ரேவதி ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தாள்.

"எதிர்வீட்ல கொலு வைக்கறாங்க" என்றாள்.

பல வாரங்களுக்குப் பிறகு அவள் வீட்டுக்கு வெளியே இருக்கிற ஒன்றைப் பற்றிப் பேசியது அன்றுதான். எட்டிப் பார்த்தேன். லூபே பெட்டிகளை அடுக்கி, மேலே வெள்ளைத் துணி விரித்துப் படி கட்டிக்கொண்டிருந்தார். படியெல்லாம் செண்டுமல்லி. பர்துபாய் கோயில் சந்தில் நம் பூக்காரர்களிடம் வாங்கியிருப்பார். படியில் மண்பொம்மைகள், விளக்குகள், பழம், ரொட்டி.

"நவராத்திரி முடிஞ்சு போச்சேம்மா" என்றேன்.

"அவங்க ஊர்ல லேட்டா வரும் போல."

எனக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. பொம்மைகளில் சில எலும்புக்கூடுகளாக இருந்தன. ஒன்று தொப்பி போட்டுக்கொண்டு கிடார் வாசித்தது. இருந்தால் என்ன? நம் கொலுவில் சாமிகளுக்கு நடுவில் செட்டியாரும் கிரிக்கெட் டீமும் போலீஸ்காரரும் இல்லையா? படி இருக்கிறது, பொம்மை இருக்கிறது, பூ இருக்கிறது. அப்புறம் என்ன, கொலுதான்.

அந்த வருஷம் நாங்கள் கொலு வைக்கவில்லை. பொம்மைப் பெட்டி பரண்மேல் கிடந்தது. ரேவதி நாற்காலி போட்டு ஏறி அதை இறக்கினாள். நைந்துபோன பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்த பொம்மைகளில் தேடி, தவழ்கிற கிருஷ்ணரை எடுத்துத் துடைத்தாள். கடலை ஊறப்போட்டாள். சாயங்காலம் தலை பின்னி, புடவை கட்டி, சுண்டல் கிண்ணத்தோடு நின்றாள். "வெறுங்கையோட கொலுவுக்குப் போகக் கூடாது, வாங்க" என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கடையில் கூட்டம் இருந்தது. எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ரேவதி நேராகப் போய் நடுப்படியில் ஒரு இடம் பார்த்து, தவழும் கிருஷ்ணரை வைத்தாள். பக்கத்தில் சுண்டலை வைத்தாள். அப்போதுதான் படியில் இருந்த படங்களை நான் கவனித்தேன். மீசை வைத்த ஒரு பெரியவர், அவர் முன்னால் ஒரு சிகரெட் பாக்கெட். கல்யாண உடையில் ஒரு பெண். பிலிப்பினோக்காரரின் அம்மா. கான் பாயின் தகரப் பறவை ஒன்றும் இருந்தது. அதன் கழுத்தில் ஒரு பழைய வாட்ச். யாருடையது என்று பிறகு சொன்னார். லாரி விபத்தில் போன தம்பியுடையது.

படியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் இறந்தவர்கள்.

ரேவதியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் லூபே வந்துவிட்டார். தவழும் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ரேவதியைப் பார்த்தார்.

"ஃபார் ஹூம்?" என்று கேட்டார். யாருக்காக?

ரேவதிக்குப் புரிந்துவிட்டது என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பொம்மையைத் திரும்ப எடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எடுக்கவில்லை.

"கோதை" என்றாள். "மை டாட்டர்."

எனக்கு அந்தப் பெயரே தெரியாது. எப்போது வைத்தாள், வயிற்றில் இருந்தபோதே அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளா, இத்தனை மாதமும் வாயை மூடிக்கொண்டு அந்தப் பெயரோடுதான் பேசிக்கொண்டிருந்தாளா, எதுவும் எனக்குத் தெரியாது.

லூபே அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. கணவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற சாதாரணக் குரலில் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். குழந்தைகளுக்கென்று தனி நாள். பெரியவர்களுக்கு முந்தின நாளே அவர்கள் வந்துவிடுவார்கள். குழந்தைகள் பொறுக்கமாட்டார்கள் அல்லவா? ஒருநாள்கூட உயிரோடு இல்லாத குழந்தையும் வருமா என்று ரேவதி கேட்டாள். வரும், பெயரைச் சொன்னால் போதும் என்றார் லூபே. ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்து கிருஷ்ணர் முன்னால் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நீயும் சொல் என்கிற மாதிரி மோவாயை அசைத்தார்.

பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது அப்பா காதில் சொல்ல வேண்டும் என்பது நம் வழக்கம். இங்கே காது இல்லை. மண்பொம்மைதான் இருந்தது. "கோதை" என்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ரேவதி போய்க் குழாயடியில் நின்று, அன்று வந்தவர்கள் எல்லோருடைய கோப்பைகளையும் கழுவினாள். அவரவர் கோப்பையை அவரவர்தான் கழுவ வேண்டும் என்கிற சட்டத்தை லூபே அன்று ஒருநாள் தளர்த்தினார். கிளம்புமுன் ரேவதி கிருஷ்ணரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். கொலு முடிகிற அன்று ராத்திரி ஒரு பொம்மையைத் தூங்க வைப்போமே, அப்படி.

தெருவைத் தாண்டும்போது, "அந்த டிக்கெட்டை வேண்டாம்னு சொல்லிருங்க" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி என்ன சமைக்கட்டும் என்று கேட்டாள். ரசம் போதும் என்றேன்.

அடுத்த வருஷம் இருவருமாகச் சேர்ந்து லீவில் ஊருக்குப் போனோம். சத்வாவை இடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அதற்கு முன்பே இருந்தது. சில வீட்டுச் சுவர்களில் பெயின்டில் நம்பர் போட்டிருந்தார்கள். துபாயில் இப்படிப் பேச்சு வரும், போகும். நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கும்பகோணத்தில் ரேவதி ஒரு சின்னப் பட்டுப்பாவாடை வாங்கினாள். மாம்பழ நிறம், அரக்கு பார்டர்.

"யாருக்குடி இது?" என்று மாமியார் கேட்டார்.

"துபாய்ல ஒரு குழந்தைக்கும்மா. ஒரு வயசாகுது."

மாமியார் பாவாடையைத் தடவிப் பார்த்து, பார்டர் நன்றாயிருக்கிறது என்றார்.

செப்டம்பரில் திரும்பி வந்தோம். டாக்ஸி எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது எதிர்ப்பக்கம் வெளிச்சமாக இருந்தது. வில்லா இல்லை. அதற்குப் பக்கத்து வில்லாவும் இல்லை. மண்ணைச் சமப்படுத்திக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். லூபே எங்கே போனார் என்று தையல்கடைக்காரருக்குத் தெரியவில்லை. கான் பாயை அவர் கேம்பிலிருந்து வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்களாம். பிறகு நான் அவர்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் எங்களைத் தவிர கோதை என்ற பெயரைச் சொன்ன வாய் லூபேயுடையது ஒன்றுதான். 'கோதாய்' என்பார்.

அன்று டாக்ஸிக்குள் ரேவதி இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். கைப்பை மடியில் இருந்தது. பாவாடை அதற்குள் இருந்தது.

"இனிமே அவ எங்கங்க வருவா?" என்று கேட்டாள்.

டிரைவர் டிக்கியைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார். நான் இறங்கிப் போய்ப் பெட்டிகளை எடுத்தேன்.