கட்டுமரத்துக் கால்

எல்லம்மா ஏரிக்குள் இறங்கும்போது காலைக் கழற்றிக் கரையில் நட்டுவிட்டுப் போவாள். கருவேலங்கட்டை. மேலே தோலால் ஒரு கிண்ணம், தொடையோடு கட்ட இரண்டு வார். கணவன் சடையன் செதுக்கிக் கொடுத்தது. அவள் திரும்பி வரும்வரை அது சேற்றில் தனியாக நிற்கும். சில நாள் அதன்மேல் ஒரு கொக்கு வந்து உட்கார்ந்திருக்கும்.

வலது கால் போனது திருக்கை மீனின் முள்ளால். குத்திய இடம் அழுகி, பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையிலிருந்த வைத்தியன் முழங்காலுக்குக் கீழே அறுத்தான். அதோடு அவன் வேலை முடிந்தது.

தண்ணீரில் அவளுக்குக் கால் வேண்டியதில்லை. இறால் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவியபடி ஊர்ந்து போவாள். உள்ளங்கைக்கு அடியில் இறால் துள்ளும். பறி நிரம்பிக் கரையேறும்போதுதான் நொண்டி.

"எல்லம்மாவுக்குத் தண்ணிக்குள்ள மூணு காலு" என்பார்கள் கூட இறால் தடவும் பெண்கள்.

"மூணாவது உங்க வாயில கீது. அதான் நிக்காம ஓடுது" என்பாள்.

பிறகு இரண்டு வருஷம் மழை வரவில்லை. ஏரி கரையை விட்டு உள்வாங்கியது. மிச்சமிருந்த தண்ணீர் கண்ணில் பட்டால் எரியும் உப்பு. கையை விட்டுத் துழாவினால் சேறுதான் வந்தது. முதல் வருஷக் காய்ச்சலில் சடையன் போனான். மகள் மணிக்குப் பத்து வயது. இடுப்பில் துணி நிற்கவில்லை.

பஞ்சம் முற்றியபோது தரகர்கள் வந்தார்கள். ஆட்களை அடிமைகளாக வாங்கிக் கடலுக்கு அப்பால் அனுப்பினார்கள். போகிறவர்களுக்குச் சோறு. போனவர்கள் திரும்புவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தவர்களும் உயிரோடு இருக்கவில்லை.

எல்லம்மா மணியைக் கூட்டிக்கொண்டு போனாள். தரகன் குழந்தையை மேலும் கீழும் பார்த்தான்.

"இவ வரட்டும். நீ வேணாம்."

"நானும் வேலை செய்வேன் சாமி."

"நொண்டி எடுக்கறதில்ல."

மணியை இழுத்துக்கொண்டு திரும்பினாள். குடிசைக்கு வந்ததும் மணி, "நீ இல்லாம நான் போவ மாட்டேன்" என்றாள்.

"இங்கயே இருந்தா செத்துடுவே."

"அப்போ ரெண்டு பேரும் சாவலாம்."

விளையாட வரச்சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருந்தது அந்தக் குரல்.

அடுத்த கப்பலுக்கு வேறு தரகன் வருகிறான் என்று கேள்விப்பட்டாள். அன்றே படகு தச்சர் ஞானதாஸிடம் போனாள். சடையனுக்குப் பழக்கமானவர்.

"அண்ணே, எனக்கு ஒரு காலு வேணும்."

"இருக்கிற காலுக்கு இன்னா வந்துது?"

"இது கட்டை. எனக்குக் காலு வேணும். கெண்டைச் சதை, கணுக்கால், அஞ்சு விரல்."

"கட்டைக்கு விரல் இன்னாத்துக்கும்மா?"

"புடவைக்குக் கீழ தெரியணும்."

ஞானதாஸ் அவளைப் பார்த்தார். பின்னால் நின்ற மணியைப் பார்த்தார். சோறு காணாத தொடை கருவேலத்தின் கனத்தைத் தாங்காது என்று, பிரித்துப்போட்ட பழைய கட்டுமரத்திலிருந்து ஒரு துண்டை எடுத்தார். காய்ந்த மரம். கையில் இருப்பதே தெரியாது. பழைய காலின் தோல் கிண்ணத்தை அதில் பொருத்தினார். கருவேலங்கட்டை அடுப்புக்குப் போனது.

"உனக்கு இன்னாண்ணே தருவேன்?"

"போற ஊர்ல லவங்கம் நெறைய கீதாம். ஒண்ண வாயில போட்டுக்கும்போது என்னை நெனச்சுக்க."

குடிசைக்குள் நடந்து பழகினாள். மணி சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"நைனா கள்ளு குடிச்சுட்டு வர்ற மாதிரியே கீது."

சடையன் போனபிறகு இருவரும் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து ஓய்ந்ததும் மணி அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, கிளிஞ்சல் ஓட்டின் முனையால் ஒவ்வொரு விரலிலும் நகம் கீறினாள்.

"நகம் இல்லாத கால எவன் நம்புவான்?"

பிறகு ஏரிச் சேற்றைக் குழைத்து, அம்மாவின் நிறம் வரும்வரை பூசினாள்.

புதிய தரகன் எல்லம்மாவின் பல்லைப் பார்த்தான். கையை முறுக்கிப் பார்த்தான். "நட" என்றான். நடந்தாள். "திரும்பு." திரும்பினாள்.

"சரி."

வாங்கியதற்கு அடையாளமாக இருவர் மணிக்கட்டிலும் ஒரே நிறக் கயிறு கட்டினார்கள். கஞ்சி ஊற்றினார்கள். மணி தன் கயிற்றை அம்மாவின் கயிற்றோடு வைத்து வைத்துப் பார்த்தாள்.

ஏரி உள்வாங்கிப் போயிருந்ததால் படகு கரைக்கு வர முடியவில்லை. தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் நின்றது. வரிசையாக இறங்கி நடக்கச் சொன்னார்கள்.

எல்லம்மா ஒருநாளும் மரக்காலோடு தண்ணீரில் இறங்கியதில்லை. இப்போது இறங்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மணிக்கும் தோன்றவில்லை. ஆயுசெல்லாம் மிதக்கும் மரத்தையே செதுக்கிய ஞானதாஸுக்கும் தோன்றவில்லை. தண்ணீரில் எல்லம்மாவுக்குக் கால் எதற்கு என்பது அவர்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

முழங்கால் தண்ணீரில் ஒன்றும் இல்லை. தொடையளவு வந்ததும் பாதம் தரையில் பாவ மறுத்தது. முன்னால் போன மணியைப் படகில் தூக்கிவிட்டிருந்தார்கள். இடுப்பளவில் உடம்பு கனம் இழந்தது. கட்டுமரம் தன் வேலையைச் செய்தது. அவள் குப்புற விழுந்தாள். பின்னால், ஐந்து விரல்களோடு ஒரு பாதம் தண்ணீருக்கு மேலே எழுந்து நின்றது.

படகில் யாரோ சிரித்துவிட்டார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. பசித்த வயிற்றில் கஞ்சி விழுந்த சிரிப்பு.

தரகனின் ஆள் அவள் கையை எட்டிப் பிடித்துக் கயிற்றை அறுத்தான். "நொண்டிடா இவ. தள்ளு படகை."

எல்லம்மா வாரை அவிழ்த்துக் காலை விட்டாள். பிறகு நீந்தினாள்.

நான்கு பேர் துடுப்புப் போட்டார்கள். அவள் பின்தங்கவில்லை. மணி விளிம்பில் குனிந்து, "வந்துகினே இரும்மா, வந்துகினே இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லம்மா பறிக் கயிற்றைக் கவ்வியதுபோல் பல்லைக் கடித்திருந்தாள்.

முகத்துவாரத்தில் மணல்மேடு விழுந்திருந்தது. கணுக்கால் அளவுத் தண்ணீர். துடுப்புக்காரர்கள் குதித்துப் படகை அதன்மேல் இழுத்தார்கள். அங்கே நீந்த முடியாது. நடக்க வேண்டும்.

எல்லம்மா கையை ஊன்றித் தவழ்ந்தாள். ஊன்றிய இடமெல்லாம் மணல் கரைந்து ஓடியது. அவள் பாதி மேட்டில் இருக்கும்போது படகு அந்தப் பக்கம் கடலில் இறங்கிவிட்டது.

"எந்திரிச்சு வாம்மா" என்றாள் மணி. "எந்திரிச்சு ஓடியா."

அம்மாவின் கால் அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

எல்லம்மா சாகவில்லை. ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை. மறு வருஷம் மழை வந்தது. இறாலும் வந்தது. கழியை ஊன்றிக்கொண்டு ஞானதாஸ் வீட்டுக்குப் போனாள். கரையொதுங்கிய காலை அவர் எடுத்து வைத்திருந்தார். சேற்றுப் பூச்சு போய் மரம் வெளுத்திருந்தது. மணி கீறிய நகங்கள் அப்படியே இருந்தன.

"விரலை அறுத்துட்டு அடியில கூரு வெச்சுத் தரட்டுமா?" என்றார். "பழையபடி கரையில நட்டுட்டுப் போவலாம்."

"வேணாண்ணே. அப்படியே குடு."

"விரல் சேத்துல மாட்டும் எல்லம்மா. ஒவ்வொரு எட்டுக்கும் இழுக்கும்."

"இழுக்கட்டும்."