வெந்நீருக்கு மட்டும் அடங்கிய வாந்தி

வாந்தி எடுத்துவிட்டு நிமிர்ந்தால், குளியலறை வாசலில் என் மாமியார் சிரித்துக்கொண்டு நிற்கிறார். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. மருமகள் காலையில் வாந்தி எடுத்தால் வேறென்ன நினைப்பார், பாவம்.

வீட்டில் செய்த சிறுநீர்ப் பரிசோதனையில் ஒற்றைக் கோடுதான் வந்தது. "சிலருக்கு மெதுவாத்தான் காட்டும் அம்மணி," என்றார் அத்தை. அன்னூர்ச் சொந்தங்களுக்கெல்லாம் போன் பறந்தது. கட்டுச்சோறு விருந்துக்கு (கர்ப்பிணிக்குப் பிறந்த வீட்டார் விதவிதமாகச் சோறு கட்டி வரும் சடங்கு) என்னென்ன சோறு என்பதுவரை பேச்சு போய்விட்டது.

பெங்களூரில் வேலை பார்த்தபோது தூக்கத்துக்காகத் தொடங்கிய கஞ்சாவை நான் விடவே இல்லை. கணவருக்கும் தெரியாது. குமட்டலுக்கு அது நல்லது என்று எங்கோ படித்ததை நம்பி, மொட்டை மாடியில் முன்பைவிட அதிகமாகவே புகைத்தேன். படித்த முட்டாள் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் மட்டும் வாந்தி அடங்கியது. கீசர் போதாமல், அத்தை கொல்லையில் தேங்காய் மட்டை வைத்துத் தண்ணீர் காய்ச்சித் தந்தார்.

உடம்பில் நீர் வற்றி மயங்கி விழுந்த அன்று கோவைக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா டிரிப்ஸ் ஏற்றிவிட்டு, "சுடுதண்ணில குளிச்சா நிக்குதுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, நாள் பூரா குளிக்கறா. நான்தான் காய வெச்சுக் குடுக்கறேன்," என்றார் அத்தை பெருமையாக.

டாக்டர் அவரை வெளியே இருக்கச் சொன்னார். கதவு சாத்தியதும், கஞ்சாப் பழக்கம் உண்டா என்று கேட்டார். சொன்னேன். தலை நிமிரவில்லை.

"கஞ்சாவாட்டம் ஒண்ணை நம்ம உடம்பே தயாரிக்குதும்மா," என்று அவர் விளக்கினார். எண்டோகன்னாபினாய்டு (உடலே சுரக்கும் கஞ்சா போன்ற வேதிப்பொருள்) என்று அதற்குப் பெயர். பசி, தூக்கம், குமட்டல் எல்லாவற்றையும் அளவோடு வைத்திருக்கும். அதற்கான ஏற்பிகள் (செல்லில் அது போய் ஒட்டும் இடங்கள்) மூளையிலும் குடலிலும் உண்டு. வெளியிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தால் அவை மரத்துப்போய், குமட்டலை அடக்க வேண்டியது சிலருக்குக் குமட்டலைக் கிளப்பிவிடுமாம். சூடு தோல் நரம்புகளைத் தூண்டிக் கொஞ்ச நேரம் அதை மறைக்கும். முழுதாக விடுவது ஒன்றே வழி.

நடைபாதையில் அத்தையிடம் நானே சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன்.

"ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே அம்மணி," என்றார். அவ்வளவுதான். கூனிக்குறுகிப் போனேன். அன்று இரவு கணவருக்கும் சொன்னேன். ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.

இதைப் படிக்கும் உங்களுக்கும் இதே நிலை என்றால், வெந்நீர்க் குளியலை டாக்டரிடம் மறைக்காதீர்கள். விட்ட முதல் வாரங்களில் பசிக்காது, தூக்கம் வராது, வியர்த்துக் கொட்டும். பிறகு ஒருநாள் எனக்குத் தக்காளி ரசத்தின் வாசனைக்குப் பசித்தது. உடம்பு தானாகவே பசித்தது என்று அழுதேன்.

போன மாதம் மறுபடி வாந்தி. அத்தை வாசலில் வந்து நின்றார். இந்த முறை சிரிக்கவில்லை. "தண்ணி காய வெக்கட்டுங்களா?" என்று, யாரோ விருந்தாளியிடம் கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டார்.

"வேண்டாங்க அத்தை. நாள் தள்ளியிருக்குது."

பரிசோதனைப் பட்டையை நீட்டினேன். இரண்டு கோடு. வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அலமாரியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

இன்னும் அன்னூருக்கு அவர் போன் செய்யவில்லை.