எலும்பு மட்டும் தெரிந்த படம்

அன்று தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, மாமா, நான். இன்று மாத்தளை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் மகளின் எக்ஸ்ரே படத்தை உறையிலிருந்து உருவிய சத்தம், அந்த நாலு பேரையும் கண்முன் நிறுத்திவிட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. காலையில் முழங்கால் வீங்கி விறைத்திருக்கும்; மத்தியானம் ஓடியாடுவேன். அதனால் யாரும் நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்த என் எக்ஸ்ரேயை அப்பா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“எலும்பு நல்லா இருக்காம், மச்சான்.”

“அப்ப இஸ்கூலுக்குக் கள்ளம்தான். மகாராணிக்குக் காலையில மட்டும் கால் வலிக்குமோ?” மாமா சிரித்தார்.

“புள்ள கால் நெருப்பா சுடுதுங்க,” என்றாள் அம்மா. யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் அப்பா படத்தையே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். “ஒண்ணுமில்ல சேர், அடிச்சு நடக்க வைங்க.” வாத்தியார் அடித்தார். அந்த வருஷமே படிப்பு நின்றது. வலது காலை இன்றுவரை முழுதாக நீட்ட முடியவில்லை.

“எலும்பு நல்லா இருக்கு,” என்றார் டாக்டரம்மா, மகளின் படத்தைப் பார்த்து. “ஆனா மூட்டுவாதம் ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது. ஸ்கேன்ல பாருங்க, உள்ளுக்கு நீர் கட்டியிருக்கு. புள்ளைக்கு ரொம்ப வலிச்சிருக்கும். மருந்து தொடங்குவோம்.”

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் எடுத்து, எக்ஸ்ரேயில் தெரியாது என்பது வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

“நல்லவேள,” என்றார். “ஒனக்கு அப்படி ஒண்ணும் இல்லாமப் போச்சு.”