வெள்ளத்தில் மிதந்து வந்த ரோல்ஸ்

பிள்ளையள், சுவிஸில் பேர்ண் நகரத்தில் ஆரே ஆறு எங்கட கட்டடத்துக்குள் வந்த கதையைக் கேளுங்கோ. மூத்தவளின் முதலாவது பிறந்தநாளுக்கு ஒரு நாள்தான் இருந்தது. மலையில் பனி உருகி, மூன்று நாள் மழையும் சேர, ஆறு நிலவறைக்குள் புகுந்துவிட்டது. அங்கே எங்கள் ஃப்ரீஸருக்குள் உங்கட அம்மா ஒரு கிழமையாகச் சுருட்டின முந்நூறு மட்டன் ரோல்ஸ் இருந்தது!

கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் படியை மறித்து நின்றார். சிவந்த மூக்கு, தொடைவரை ரப்பர் சப்பாத்து. யார் எதைக் கேட்டாலும் முதலில் கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பார்.

“கீழே ஒருத்தரும் போகேலாது. கரண்டை நிப்பாட்டிப் போட்டன். என்ன வேணும், பாஸ்போட்டோ?”

“இல்லை, ரோல்ஸ். நாளைக்கு நூறு பேர் வருகினம்.”

“ஒரு வயசுப் பிள்ளைக்கு நூறு பேரோ?” கடிகாரத்தைப் பார்த்தார். “இரண்டு நிமிஷம். பிள்ளை குளிக்கிற தொட்டியைத் தாங்கோ.”

அவரே இறங்கினார். முழங்கால் தண்ணியில், ரோல்ஸ் நிறைந்த தொட்டியைத் தோணிபோல இழுத்து வந்தார். படி முழுக்கக் கைதட்டல்!

இனி எங்கே வைப்பது? அம்மா அவ்வளவையும் பொரித்தா. மணல்மூட்டை அடுக்கினவர்கள், தீயணைப்புக்காரர், அயலவர் எல்லாரும் படியிலிருந்து சாப்பிட்டார்கள். பொரியல் வாசம் வந்தாலே முறைப்பாடு சொல்ல எங்கள் கதவைத் தட்டுகிற அந்த மனிதர், ஒவ்வொன்றுக்கும் கடிகாரம் பார்த்துப் பார்த்து ஏழு ரோல்ஸ் சாப்பிட்டார். மறுநாள் வந்த நூறு பேருக்கும் கேக்கும் தேத்தண்ணியும்தான்.

எல்லாரும் போனபிறகு, படிக் கைப்பிடியில் இருந்த எண்ணெய் விரல் அடையாளங்களை நான் தனியச் சவர்க்காரம் போட்டுத் துடைத்தேன். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவருடைய கதவில் இருந்த அவரின் விரல் அடையாளத்தை மட்டும் துடைக்காமல் விட்டேன்.