வெள்ளை மாடியும் வார்டன் அண்ணாச்சியும்

வெயிலுக்கு வீடு குளிரட்டும் என்று நேற்று மொட்டைமாடிக்கு வெள்ளையடித்தேன்.

இன்று மத்தியானம் எதிர்வீட்டு அண்ணாச்சி வந்துவிட்டார். யுத்தம் வந்ததிலிருந்து எங்கள் தெருவுக்கு ஏ.ஆர்.பி. வார்டன், அதாவது விமானத் தாக்குதல் காவலர், அவர்தான்.

"ஏலே, ராத்திரி நிலாவுல உன் மாடி என்னமா மின்னுது! ஜப்பான்காரன் பாத்தா குண்டு போட்டுருவாம்லா? நான் என் மாடிக்குப் பூசுன மாதிரி தார் பூசு."

"தார் பூசுனா உள்ள வெந்துருவோமே அண்ணாச்சி?"

"நாட்டுக்காவ வேகக்கூடாதோ?"

சொல்லிவிட்டு, சோதனை போட வேண்டுமென்று உள்ளே நுழைந்தார். தரையைத் தொட்டுப் பார்த்தார். உட்கார்ந்தார். துண்டை விரித்துப் படுத்தார்.

இப்போது கூடமே குறட்டையில் அதிர்கிறது.

விமானம் வந்தால் விசில் ஊதித் தெருவை எழுப்ப வேண்டியவர் இவர்தான். இவரை எழுப்புவது யார், நீங்களே சொல்லுங்கள்!