ஸேலியும் ச்சேலியும்

மோட்சத்துக்கான லத்தீன் சொல்லை எப்படி உச்சரிப்பது என்பதற்காக ஓர் ஊர் இரண்டுபட்டது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் முப்பதுகளில் அது நடந்தது. அப்போது நான் பத்து வயதுப் பெண்.

மாதா கோயில் பாட்டுக்கு என் அத்தைதான் தலைவி. பிரெஞ்சுக்காரரான பெரிய சாமியார் இருபது வருடங்களுக்கு முன்பே லத்தீன் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்து அவளைப் பழக்கியிருந்தார். ஈஸ்டருக்கு மாதாவை மோட்சத்தின் அரசியே என்று பாடும் பாட்டில் வருகிற அந்தச் சொல், அவர் சொன்னபடி 'ஸேலி'. மூச்சிரைப்பால் அவர் அறையோடு முடங்கிய பிறகு, ரோமாபுரியில் படித்த சின்னச் சாமியார் வந்தார். அவர் வாயில் அது 'ச்சேலி' ஆயிற்று. பச்சை என்று சொல்லும்போது வருகிற அழுத்தமான ச. ரோமில் அப்படித்தான் சொல்கிறார்களாம்.

அத்தை கும்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க சாமி, இருவது வருசமா நாங்க பாடுனது மாதாவுக்கு வெளங்கலீங்களா?"

சின்னச் சாமியார் சிரிக்கவில்லை. மாற்றிக்கொள்ளாதவர்கள் ஈஸ்டரிலிருந்து பாட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாடுகிற பெண்களில் பாதிப் பேர் மாறினார்கள். அத்தை மாறவில்லை. நான் அவள் கட்சி. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதுகூட இருவரும் வேண்டுமென்றே உரக்க 'ஸேலி' பாடினோம்.

ஈஸ்டர் காலையில் அத்தை புதுச்சேலை கட்டிக்கொண்டு தன் வழக்கமான இடத்தில் போய் நின்றாள். பழையபடி பாடினால் அவள் பாட்டு அன்றோடு சரி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆர்மோனியம் தொடங்கியது. அப்போது பெரிய சாமியார் தடியை ஊன்றியபடி வந்து அத்தையின் பக்கத்தில் நின்றார். மூச்சை இழுத்துப் பிடித்து முதல் வரியைத் தாமே எடுத்தார். 'ச்சேலி' என்றுதான் பாடினார். கோயில் முழுக்கக் கேட்டது.

அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அதே வரியை அவர் பாடியது போலவே பாடினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் அத்தை சோறும் கோழிக்குழம்பும் தூக்குப்போசியில் வைத்துப் பெரிய சாமியாருக்குக் கொடுத்தனுப்பினாள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. போசியை மேசைமேல் வைத்ததும் கேட்டேவிட்டேன்.

"சின்னச் சாமியாருக்குப் பயந்துபோட்டீங்களா சாமி?"

"பயந்துதான் போட்டேன் கண்ணு," என்றார் அவர். "உங்கத்தை பாடாம நின்னுட்டா, அப்பறம் நான் யாரு பாட்டைக் கேக்கறது?"

அந்தப் பதிலின் முன்பாதி மட்டுமே என் காதில் ஏறியது. பெரிய சாமியார் பயந்தாங்கொள்ளி என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். அத்தை என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு என்னமோ கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.