வேலிக்கு நட்ட பந்தக்கால்

எங்கள் வீட்டுப் பின்பக்கத்து வேலிக்கு முதல் கால் நட்ட அன்றைக்கே, அத்தைக்குக் கல்யாணம் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. முடிவு கட்டியதோடு நின்றார்களா? எந்த மண்டபம், சாப்பாட்டுக்கு யார், வெளியூர்க்காரர்களை எங்கே தங்க வைப்பது என்பது வரைக்கும் பேசிவிட்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வேலிக்குக் கயிறு பிடித்தவள் நான், கட்டுக்கம்பி எடுத்துக் கொடுத்தவள் நான். அதனால் அதைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

ராயப்பேட்டையில் தாத்தா கட்டிய வீடு அது. அவர் போன பிறகு அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை என்று நான்கு பேர் இருந்தோம். அத்தை தேனாம்பேட்டையில் ஓர் ஆபீசில் வேலை பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால் சமையலறைப் படியில் தொடங்கிச் சந்து வரைக்கும் கொஞ்சம் மண் கிடந்தது. ஒரு பாதியில் துணிக்கொடியும் துவைக்கிற கல்லும். இன்னொரு பாதியில் அப்பாவின் ஸ்கூட்டர் கொட்டகை, அது போக மீதியெல்லாம் குப்பைமேனி. கைக்குட்டை அளவு இடம் கிடைத்தாலே நாலு மாடி எழுப்பிவிடுகிற ஏரியாவில் அந்த மண் சும்மா கிடந்ததே பெரிய ஆச்சரியம்தான்.

அந்த வருஷம் அத்தைக்கு நந்தனத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். எல்லாம் கூடி வந்தது. தேதி குறிக்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா பேச்சோடு பேச்சாக, பின்பக்கத்தில் பாதி பெண்ணின் பங்குதானே, அதைக் கட்டடம் கட்டுகிறவர்களிடம் கொடுத்துவிட்டால் சின்னஞ்சிறுசுகளுக்கு உதவுமே என்றார். அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. வேண்டுமானால் நகை கூடப் போடுகிறேன், கட்டிக்கொண்டு போகிற பெண்ணுக்கு இடத்தில் என்ன பங்கு என்றார். ரொம்ப நேரம் அந்த மண்ணை இவர்கள் இந்தப் பக்கமும் அவர்கள் அந்தப் பக்கமுமாக இழுத்தார்கள். மண்ணுக்குச் சொந்தக்காரி காபித் தட்டோடு கூடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நீ என்ன சொல்கிறாய் என்று அவளை ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தை தட்டைக் கீழே வைத்தாள்.

"இந்தக் கல்யாணம் எனக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அதில் ஒரே வயிற்றெரிச்சல். கல்யாணத்துக்கென்று வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்த பட்டுப்பாவாடை அதோடு போயிற்றே!

அதன் பிறகு அப்பாவும் அத்தையும் பேசிக்கொள்வது, தண்ணி வந்துச்சா, கேஸ் சொல்லியாச்சா என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, கொட்டகைக்குப் பக்கத்து மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டித் தண்டுக்கீரை தூவினாள். அது முளைத்து இரண்டு விரல் உயரம் வந்ததும் பக்கத்துத் தெரு பாய் வீட்டு ஆடு, இடிந்து கிடந்த சந்துச் சுவரைத் தாண்டி வந்து மொத்தத்தையும் மேய்ந்துவிட்டுப் போனது. சுவரில் ஒட்டிய போஸ்டரைத் தின்று வளர்ந்த ஆடு, கீரையைக் கண்டால் விடுமா? பாய் ஓடி வந்தார்.

"கட்டித்தாம்மா வெச்சிருந்தேன். அவுத்துக்கினு வந்துடுது, இன்னா பண்றது?" என்றார்.

"இருக்கட்டும் பாய். வேலி போடாம விதை போட்டது என் தப்பு," என்றாள் அத்தை. அவளுக்குக் கோபமே வரவில்லை. அந்த ஆடு எப்போது வரும் என்று காத்திருந்தவள் போல அன்று சாயங்காலமே வேலிக்குத் திட்டம் போட உட்கார்ந்துவிட்டாள்.

சும்மா சொல்லக் கூடாது, அத்தை ஒரு காரியத்தை எடுத்தால் அப்படித்தான் செய்வாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் போட்டாள். கால் எங்கெங்கே வரும், கதவு எங்கே, குறுக்குக் கட்டை எத்தனை என்று எல்லாம் குறித்தாள். துணி உலர்த்துகிற நைலான் கயிற்றின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துச் சமையலறைப் படிக்கட்டில் நிற்க வைத்தாள். மறுமுனையோடு சந்து வரைக்கும் போனாள். கயிறு பின்பக்கத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு போனது. அப்பாவின் ஸ்கூட்டர் கொட்டகை அத்தையின் பாதியில் மாட்டிக்கொண்டது.

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார். "ஆடு வர்றது சந்துப் பக்கம். அங்க அடைச்சா போதாதா? வீட்டுப் பக்கம் எதுக்கு வேலி? வீட்ல யாரும் கீரை மேயறதில்லையே?"

"மேயறாங்களோ இல்லையோ, வேலின்னா சுத்தித்தான் வரணும் அண்ணா," என்றாள் அத்தை.

எனக்கும் அப்பா கேட்டதுதான் நியாயமாகப் பட்டது. ஆனால் அத்தையிடம் கேட்க யாருக்குத் தைரியம்? கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கம்பத்துக்கு அத்தை போனது எங்கள் தெருமுனைப் பந்தல்காரரிடம். உயரப் பந்தலுக்கு ஆகாத பழைய சவுக்குக் கட்டைகள் அவரிடம் குவிந்து கிடந்தன. அவர் அதை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினார். பந்தல்காரர் வண்டி ஒரு வீட்டு வாசலில் நின்றால் ஒன்று நல்லது, இல்லையென்றால் கெட்டது. எங்கள் வீட்டில் எல்லாரும் நன்றாக நடமாடிக்கொண்டிருந்ததால் கெட்டது இல்லை என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

அத்தோடு போயிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். மெக்கானிக் கடையிலிருந்து வாங்கி வந்த கழிவு ஆயிலை, கரையான் வராமல் இருக்க, ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் தடவி வைத்தோம். சந்துப் பக்கத்து மூலையில் அத்தை கடப்பாரையால் முதல் குழி தோண்டினாள். அதைப் பார்த்து அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மண்ணில் கடப்பாரை போடுகிறோம், அதுவும் வெள்ளிக்கிழமை, வெறுங்காலாகவா நடுவது? போய் மஞ்சளும் குங்குமமும் கொண்டு வந்து கட்டை முழுக்கப் பூசிப் பொட்டு வைத்தாள். எதிர் வீட்டில் கேட்டு ஒரு கொத்து மாவிலை வாங்கி வந்து மேலே கட்டினாள். நான் கற்பூரம் காட்டினேன். சந்தில் போகிற வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். ஆனி மாசத்து வெள்ளி வேறு. கேட்கவா வேண்டும்?

முதலில் வந்தவள் பூக்காரம்மா. "இன்னாமா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல? பந்தக்கால் நட்டு கீது, மஞ்சா பூசி கீது. ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சிடலாம்னு பாக்கறீங்களா? நின்னு போனதே கூடிச்சா, வேற எடமா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு முழம் பூவை அத்தையின் கையில் திணித்துவிட்டுப் போனாள். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. தான் செய்தது என்ன என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொம்பில் தண்ணீரோடு மஞ்சளைக் கழுவ ஓடினாள்.

"விடுங்க அண்ணி. வீடு வீடாப் போய் விளக்கம் சொல்லிக்கிட்டிருந்தா வேலி என்னிக்கு முடியறது?" என்றாள் அத்தை. பூவைத் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போய்விட்டாள்.

டீக்கடையில் நாலு பேர் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னதில் அப்பா கொதித்துப் போய் வந்தார். "மானம் போவுது. அந்தக் கட்டையை முதல்ல புடுங்கு!"

"புடுங்கினா, கல்யாணம் ரெண்டாவது தடவையும் நின்னு போச்சும்பாங்க. பரவாயில்லையா அண்ணா?"

அப்பா விடுவிடுவென்று உள்ளே போனார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

ஆனால் அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. அவர் ஸ்கூட்டரை நகர்த்தவில்லை. அத்தை சந்துப் பக்கம் முழுவதையும் முடித்துவிட்டாள். மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கே வைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்கி முறுக்கிக் கட்டினாள். ஆபீஸ் விட்டு வந்து இருட்டும் வரைக்கும் அதே வேலைதான். உள்ளங்கை கொப்புளித்துப் போனது. துணி சுற்றிக்கொண்டு மறுபடி பிடித்தாள். வேலி சந்திலிருந்து திரும்பிக் கயிற்றோடு வீட்டை நோக்கி வந்து, கொட்டகையில் முட்டி நின்றது. ஸ்கூட்டரை எடுங்கள் என்று அவள் கேட்கவில்லை. முன்சக்கரத்துக்கு எதிரில் கயிற்றுக்கு நேராகக் கடைசிக் குழியைத் தோண்டி வைத்தாள். அப்பாவும் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் காலையில் அந்தக் குழியைச் சுற்றி வண்டியை ஒடித்து ஒடித்து வெளியே எடுத்து ஆபீஸ் போனார், சாயங்காலம் அதே மாதிரி உள்ளே விட்டார். இரண்டு பேரும் பிடிவாதத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. நடுவில் நானும் அம்மாவும்தான் தவித்துப்போனோம்.

செய்தி நந்தனம் வரைக்கும் போய்விட்டது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளையின் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். அத்தை பின்பக்கத்தில் இருக்கிறாள் என்றதும் நேராக அங்கேயே வந்துவிட்டார். மஞ்சள் பூசிய காலைப் பார்த்தார், கையில் குறடோடு உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்தார்.

"எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. யாரு மாப்பிள்ளை?"

"கால் நட்டது வேலிக்கு ஆன்ட்டி. கல்யாணத்துக்கு இல்ல."

அந்த அம்மாளுக்கு மூச்சு வந்தது. அம்மா கொண்டு வந்து போட்ட நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பையனுக்கு இன்னும் வேறு இடம் பார்க்கவில்லை, பெரியவர்கள் பேசும்போது ஆயிரம் வரும், அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளலாமா என்று இழுத்தார். பிறகு வேலியைக் காட்டி, "இதெல்லாம் எதுக்கும்மா பாடுபட்டுக்கிட்டு? நாளைக்குக் கட்டடம் வந்தா புடுங்கத்தானே போறோம்," என்றார். அப்பா கொட்டகை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சார். இடம் உங்க முடிவுதானே?"

அப்பா அத்தையின் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். அது அழுக்கும் ரத்தக் கறையுமாக இருந்தது.

"இடம் அவளோடது. அவளைக் கேளுங்க," என்றார்.

அத்தை கம்பி முறுக்குவதை நிறுத்திவிட்டாள். வேலி ஆரம்பித்த நாளிலிருந்து அவள் கை சும்மா இருந்து நான் பார்த்தது அப்போதுதான். குறடைக் கீழே வைத்தாள். "என்னைப் பிடிச்சிருந்தா உங்க பையனே வந்திருப்பாரு ஆன்ட்டி. உங்க எல்லாருக்கும் பிடிச்சது இந்த மண்ணு. இதுல நான் வெண்டைக்காய் போடப் போறேன். காய்ச்சதும் கொடுத்தனுப்பறேன்." குரல் உயரவே இல்லை. அந்த அம்மாள் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார். எனக்கு மறுபடியும் பட்டுப்பாவாடை போயிற்று. அழுதே விட்டேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

அப்பா ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டுபோய் வாசலில் வெயிலில் நிறுத்தினார். திரும்பி வந்து கொட்டகைத் தகரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். அப்புறம் கடப்பாரையை எடுத்தார். அத்தை தோண்டி வைத்திருந்த குழியில் நடுவார் என்று கட்டையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். அவரோ அந்தக் குழியைக் காலால் மண் தள்ளி மூடினார். கயிற்றைத் தாண்டி, துணிக்கொடி இருக்கிற எங்கள் பாதியில், ஒரு பெரிய எட்டு தள்ளிப் புதுக் குழி தோண்ட ஆரம்பித்தார்.

"அப்பா! கயிறு அங்க இருக்கு. நீங்க நம்ம பக்கம் தோண்டறீங்க!" என்று கத்தினேன்.

"தெரியுது. நீ கட்டையைப் பிடி," என்றார்.

அத்தை ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். அத்தனை நாளும் ஒரு விரல் கோணினால்கூடப் பிடுங்கி மறுபடி நட்டவள், இப்போது எங்கள் பக்கம் பார்க்காமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து, அப்பா நட்ட கட்டைக்குச் சுற்றிலும் கல்லைப் போட்டு இடித்தாள். நேராக வந்த வேலி அந்த இடத்தில் மட்டும் எங்கள் பக்கமாகப் புடைத்துக்கொண்டு நின்றது. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். இவ்வளவு பாடுபட்டு அளந்து, படம் போட்டு, கயிறு கட்டியதெல்லாம் கடைசியில் வீணாகிவிட்டதே! அப்பாவுக்கு ஒரு கோடு நேராகப் போடத் தெரியாது என்பது வெளியில் யாருக்கும் தெரியக் கூடாதென்று, வீட்டுக்கு விளையாட வரும் தோழிகளை ரொம்ப நாள் வரைக்கும் அந்த மூலைப் பக்கமே நான் விட்டதில்லை.